ஒரே ராத்திரிக்கு ஒரு கூடார ஊர்

ஜூலை கடைசி வாரம். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், அயோவா மாநிலத்தில், மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். மற்ற நாட்களில் பொழுது சாய்ந்தால் தெருவில் நாய்கூட நடமாடாது. இன்றைக்குப் பாருங்கள் அமர்க்களத்தை! பள்ளிக்கூட மைதானம், சர்ச் புல்வெளி, பூங்கா, யாரோ ஒரு பாட்டி வீட்டு முன்வாசல்... கால் வைக்க இடமில்லாமல் கூடாரங்கள். கூடாரக் கயிறு தடுக்கி விழாமல் பத்தடி நடந்துவிட்டால் நீங்கள் கெட்டிக்காரர்!

இதுதான் ராக்பிராய். மேற்கே மிசௌரி ஆற்றில் பின்சக்கரத்தை நனைத்துக் கிளம்பி, ஏழு நாள் சைக்கிள் மிதித்து, கிழக்கே மிசிசிப்பியில் முன்சக்கரத்தை நனைத்து முடிக்கும் திருவிழா. சைக்கிளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நாம் எட்டிப் பார்க்கப்போவது ராத்திரிக் கூத்தை. நிஜமான வேடிக்கை அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

பிள்ளையார் சுழி போட்டவர்கள் இரண்டு பத்திரிகைக்காரர்கள். டி மொயின் ரெஜிஸ்டர் பத்திரிகையின் ஜான் கராஸும் டொனால்ட் காலும் 1973இல், "நாங்கள் அயோவாவை சைக்கிளில் கடக்கப்போகிறோம், வருகிறவர்கள் வரலாம்" என்று வாசகர்களுக்கு அழைப்பு விட்டார்கள். கிளம்பும்போதே முந்நூறு பேர் போல வந்து நின்றார்கள். அதில் 83 வயது கிளாரன்ஸ் பிக்கார்ட் ஒருவர். பெண்கள் ஓட்டும் பழைய சைக்கிள், கொளுத்தும் வெயிலில் நீளமான உள்ளாடை. கடைசிவரை மிதித்தே தீர்த்தார் மனிதர்! இன்று வருகிறவர்களை ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டும்.

இத்தனை பேரும் படுக்க வேண்டுமே? அதற்கான வேலை ஜனவரியிலேயே ஆரம்பம். பாதை வருடா வருடம் மாறும். இந்த வருடம் ராத்தங்கல் எந்தெந்த ஊரில் என்று ஜனவரியில் அறிவிப்பார்கள். பெயர் வந்த ஊரில் மறுநாளே கமிட்டிகள் முளைக்கும். தண்ணீருக்கு ஒன்று, கூடார இடத்துக்கு ஒன்று, பாட்டுக் கச்சேரிக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று. கடைசியாகச் சொன்ன கமிட்டியைச் சிரித்துக் கடந்துவிடாதீர்கள், ஊர் மானமே அதன் கையில் இருக்கிறது. அந்தப் பிளாஸ்டிக் கழிப்பறைக்கு இந்தக் கூட்டத்தில் வழங்கும் செல்லப்பெயர் 'கைபோ'. மைதான ஓரத்தில் கைபோக்கள் வரிசை கட்டி நிற்கும் அழகே தனி.

பெரும்பாலானவர்கள் கூடாரத்தைச் சைக்கிளில் சுமப்பதில்லை என்பது முதல் ரகசியம். விடிகாலையில் மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டால் அது அடுத்த ஊருக்குப் பறந்துவிடும். சாயங்காலம் போய்ப் பார்த்தால் புல்தரையில் மூட்டை மலை, பாதிக்கு மேல் ஒரே நிறம்! அதனால்தான் ஒன்றில் ரோஜா நிற ரிப்பன், ஒன்றில் ரப்பர் வாத்து, இன்னொன்றில் யாருடையதோ பழைய பூப்போட்ட சட்டைக் கை தொங்குகிறது. வசதியுள்ளவர்கள் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வந்து இறங்கும்போது கூடாரம் அடித்து, நாற்காலி போட்டுத் தயாராக இருக்கும். கோஷ்டியாக வருபவர்கள் பழைய பள்ளிப் பேருந்துக்குக் கண்ணைப் பறிக்கும் பெயின்ட் அடித்து, கூரையில் சைக்கிள் மேடை கட்டிக் கொண்டுவருவார்கள்.

இடம் பிடிப்பது தனிக் கலை. புதிதாக வந்தவர் நிழல் எங்கே என்று பார்ப்பார். பழம் தின்று கொட்டை போட்டவர், நாளைக் காலை சூரியன் எங்கே உதிக்கும் என்று பார்ப்பார். கட்டடத்துக்கு மேற்குப் பக்கம் படுத்தால் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். தண்டவாளத்தைக் கண்டால் ஓட்டம்தான். சரக்கு ரயில் ஒவ்வொரு கிராசிங்கிலும் ஹாரன் அடித்துக்கொண்டு போகும், அது நடுராத்திரியாக இருந்தாலும் சரி. புல்வெளியில் தானியங்கித் தெளிப்பான் புதைந்திருக்கிறதா என்றும் குனிந்து பார்ப்பார்கள். மழையே இல்லாமல் விடிகாலை நாலு மணிக்கு நனைவது எவ்வளவு அநியாயம்!

குளியல்? பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் வரிசையில் நிற்கலாம். சாப்பாடு? சர்ச் பெண்கள் சுட்ட, 'பை' என்கிற பழப் பலகாரம், பெரிய பெரிய பாத்திரத்தில் ஸ்பகெட்டி, வெண்ணெய் வழியும் சோளக் கதிர். வழியெங்கும் பன்றி இறைச்சித் துண்டுகள் சோளக்கட்டை நெருப்பில் வாட்டப்படும். புகை ஊருக்கு முன்பே வந்து வரவேற்கும். சைவர்கள் பையை நம்பிப் பிழைக்கலாம். மூன்று வேளையும் பை சாப்பிட்டு ஏழு நாளைக் கடத்துவதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

இரவில் ஒரு புழுக்கம் வரும் பாருங்கள், அதற்குக் காரணமும் சோளம்தான். வேர் உறிஞ்சும் தண்ணீரை இலை ஆவியாக வெளியே விடுகிறது. ஒரு ஏக்கர் சோளம் ஒரு நாளில் 11,000 முதல் 15,000 லிட்டர் வரை இப்படி விடுமாம்! சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சோளம் என்றால் கூடாரத்துக்குள் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். இட்லிக் கொப்பரைதான். விடியும்போது கூடாரத் துணி பனியில் சொட்டும். ஈரத்தோடே சுருட்டி மூட்டைக்குள் திணிப்பார்கள்.

விளையாட்டில்லாத விஷயம் ஒன்றே ஒன்று, இடிமழை. மின்னலுக்குக் கூடாரம் துணை நிற்காது. ஆகவே எந்தப் பள்ளிக்கூடம், எந்த சர்ச் அடித்தளம் ஒதுங்கும் இடம் என்று முன்னாலேயே முடிவு செய்துவிடுவார்கள். 2020 ஆகஸ்ட் 10இல் அயோவாவைத் துவம்சம் செய்த புயலில் சீடர் ராபிட்ஸ் பக்கம் காற்று மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தில் வீசியதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். கொரோனாவால் அந்த வருடம் சைக்கிள் திருவிழாவே நடக்கவில்லை.

சரி, விடிந்துவிட்டது. இருட்டு பிரியும் முன்பே 'சர்ர்ர்' என்று ஒரு ஜிப் சத்தம். அடுத்த கூடாரத்தில் இன்னொன்று. பத்தே நிமிடத்தில் மைதானம் முழுக்க ஜிப் கச்சேரி! தலையில் விளக்கு மாட்டிய உருவங்கள் ஒற்றைச் செருப்பைத் தேடுகின்றன. கைபோ முன்னால் வரிசை நீள்கிறது. வெயில் ஏறுவதற்குள் பாதி ஊர் காலி. கமிட்டிக்காரர்கள் குப்பைப் பையோடு இறங்குகிறார்கள். "நம்ம பை தீர்ந்தது எத்தனை மணிக்கு, அவர்கள் பை தீர்ந்தது எத்தனை மணிக்கு" என்று இரண்டு சர்ச்சுக்காரர்களுக்குள் கணக்கு வழக்கு ஓடுகிறது. மூட்டை லாரி இதற்குள் பாதி தூரம் போயிருக்கும். அடுத்த ஊர்க்காரர்கள் அங்கே புல்லை வெட்டி, கைபோக்களை எண்ணி, போதாதோ என்று கவலைப்பட்டு, இன்னும் இருபது அனுப்பச் சொல்லி போன் போட்டுக்கொண்டிருப்பார்கள்.