சிறுவன் ஏன் திருடுகிறான்?

பள்ளியில் ஒரு மாணவனின் பேனா காணாமற் போகிறது. சற்று நேரத்தில் அது மற்றொருவன் பையில் அகப்படுகிறது. ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்கிறார். வகுப்பு முழுவதும் அவனைத் 'திருடன்' என்று அழைக்கத் தொடங்குகிறது. ஆனால், அவன் அதை ஏன் எடுத்தான் என்று எவரும் கேட்பதில்லை. மனோதத்துவ ஆராய்ச்சி அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

குற்றம் பிறவியிலேயே அமைவது என்பது பழைய கொள்கை. குற்றவாளிகளை முகத்தோற்றத்தாலும் உடலமைப்பாலும் அறியலாம் என்று இத்தாலிய மருத்துவர் லோம்பிரோசோ 1876-இல் எழுதினார். இங்கிலாந்தின் சிறை மருத்துவர் கோரிங், சுமார் 3,000 கைதிகளை ஆராய்ந்து, அத்தகைய தனி உடலமைப்பு எதுவும் இல்லை என்று 1913-இல் எடுத்துக்காட்டினார். எனினும், அதே எண்ணம் நம் நாட்டில் சட்டமாகவே நிலவியது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், சமூகங்கள் முழுவதையுமே குற்றவாளிகளாகக் கருத இடமளித்தது. தொட்டிற் குழந்தையும் அப்பழியுடனேயே வளர்ந்தது. அச்சட்டம் 1952-இல் நீக்கப்பட்டது. பழிச்சொல் இன்னும் முற்றிலும் மறையவில்லை.

பிறவி காரணமன்று எனில், வேறு எது காரணம்? லண்டன் மனமருத்துவர் ஜான் பௌல்பி, திருட்டுப் பழக்கமுள்ள 44 குழந்தைகளை, அப்பழக்கமில்லாத வேறு 44 குழந்தைகளுடன் ஒப்பிட்டு, 1944-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். முதற் பிரிவில் 17 பேர் இளம் பருவத்தில் தாயை நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். இரண்டாம் பிரிவில் அத்தகையோர் இருவரே. தாயைப் பிரிந்தவர் யாவரும் திருடுவர் என்று இதனாற் கொள்ளலாகாது. ஆராயப்பட்டோர் தொகை மிகச் சிறிது. ஆயினும், களவாடும் குழந்தை பல சமயங்களில் பொருளைத் தேடவில்லை, இழந்த அன்பையே தேடுகிறது என்ற கருத்தை வின்னிகாட் என்ற மற்றோர் ஆங்கில மருத்துவரும் 1956-இல் வலியுறுத்தினார்.

காரணம் ஒன்றே அன்று என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. தென் லண்டனைச் சேர்ந்த 411 சிறுவர்களின் வாழ்க்கையைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அறிஞர்கள் 1961 முதல் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். வறுமை, பெற்றோரின் சச்சரவு, கடுமையான வளர்ப்பு, முன்பின் யோசியாத இயல்பு, படிப்பில் பின்தங்குதல் ஆகியவை பல ஒருங்கே சேருமிடத்தில் குற்றம் மிகுதியாகக் காணப்பட்டது. மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற சிறுவர்கள், அவர்களையொத்த நடத்தையுடையவராயினும் அத்தீர்ப்புப் பெறாதவர்களைக் காட்டிலும், பின்னர் அதிகமாகத் தவறிழைத்தனர். குற்றவாளி என்ற பெயரே குற்றத்திற்குத் தூண்டுகோலாகலாம் என்பது இதனாற் பெறப்படும்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையைப் பற்றிய நடவடிக்கைகளில் பழிக்கும் சொற்களை வழங்கலாகாது என்பதை ஓர் அடிப்படைக் கோட்பாடாகக் கொண்டுள்ளது. இக்கோட்பாடு வகுப்பறைக்கும் பொருந்தும். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தல் அவசியமே. ஆனால் அதைத் தனிமையிற் செய்தல் வேண்டும். பின்னர், அவன் உண்டு வந்தானா, வீட்டில் யாருடன் இருக்கிறான், அண்மையில் யாரையேனும் இழந்தானா என்று பரிவுடன் விசாரித்தல் நலம். கிராமங்களுக்குச் செல்லும் ஊழியர்களும், ஒரு குடும்பத்தைப் பற்றி ஊரார் சொல்லும் பழைய பெயரை நம்புமுன், அக்குடும்பத்தின் நிலையை நேரிற் கண்டறிதல் வேண்டும். காரணத்தை அறிந்தவரே திருத்த வல்லவர்.