துடுப்பின் வேகமே போதும்

தேக்கடி ஏரி 1895-இல் முல்லைப்பெரியாறு அணை கட்டப்பட்டபோது காடு மூழ்கி உருவானது. அன்று மூழ்கிய மரங்களின் பட்டுப்போன அடிமரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேல் கறுத்து நிற்கின்றன; அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகு விரித்து உலர்த்துகின்றன. இந்த நீர்ப்பரப்பைச் சுற்றிப்பார்க்க மோட்டார் படகைவிட மூங்கில் தெப்பமே சிறந்தது. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் கரையோர விலங்குகள் மிரள்வது குறைவு. துடுப்புப் போடுபவருக்கும் காட்டின் ஓசைகள் காதில் விழும். ஏரியைச் சூழ்ந்த பெரியாறு புலிகள் காப்பகத்தில் முன்பு திருட்டுத்தனமாக மரப்பட்டை உரித்தவர்கள் பலர் வனத்துறையின் சூழல் மேம்பாட்டுக் குழுவில் சேர்ந்து வழிகாட்டிகளானார்கள். பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்திலும் பழங்குடியினர் துணையோடு தெப்பப் பயணம் நடக்கிறது. காட்டைக் காப்பதே இவ்விரு இடத்தவருக்கும் பிழைப்பாகிவிட்டது.

தெப்பம் பாதுகாப்பானதா என்று கேட்பது நியாயமே. ஆனால் 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் 45 உயிர்களைப் பலிகொண்டது இரண்டடுக்கு மோட்டார் படகு. ஆபத்து அளவுமீறி ஆளேற்றுவதிலும் மேற்பார்வைக் குறைவிலும்தான் இருக்கிறது. உயிர்காப்பு அங்கி, கூடவே வரும் வழிகாட்டி, குறைந்த ஆட்கள் என்ற ஒழுங்கு இருந்தால் தெப்பத்தை நம்பலாம். சிலருக்கு மட்டுமே இடம் கிடைக்கிறது என்பது அடுத்த குறை. முதியோருக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் மோட்டார் படகுகள் சில இருக்கட்டும். மற்றவர்கள் முன்பதிவு செய்து காத்திருக்கலாம். புலிகள் காப்பகம் தாங்கும் அளவுக்குத்தான் நாம் அங்கே போக வேண்டும். கூட்டத்துக்கேற்பக் காட்டை வளைக்க முடியாது.