பிழிந்த துண்டும் பத்து லிட்டர் வாளியும்

மருத்துவப் பரிசோதனைகளில் இதைவிட எளிமையானது அரிது. நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையை மடக்கி, டைனமோமீட்டர் என்ற கருவியின் பிடியைச் சில நொடிகள் முடிந்தமட்டும் இறுக்க வேண்டும். முள் எத்தனை கிலோவில் நிற்கிறதோ அதுதான் அந்தக் கையின் பிடிவலு. ஊசி கிடையாது, வெறும் வயிற்றோடு வரவேண்டியதும் கிடையாது.

அந்த ஓர் எண் சொல்லும் சேதி பெரியது. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் பிடியை அளந்து, சுமார் நான்கு ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. பிடிவலுவில் ஒவ்வொரு 5 கிலோ குறைவுக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடியிருந்தது. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை முன்கூட்டிக் காட்டுவதில், ரத்த அழுத்தத்தின் மேல் அளவைவிடவும் பிடிவலு கூர்மையாக இருந்தது. தசை இழப்பு நோயை ஆராயும் ஆசிய மருத்துவர் குழு 2019இல் ஒரு கோடு போட்டது: ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் அது பலவீனம்.

இதைப் படித்ததும் ரப்பர் பந்து வாங்கி அமுக்கினால் ஆயுள் கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. உண்ணும் உணவு, நடமாட்டம், உள்ளே ஒளிந்திருக்கும் நோய் எல்லாம் சேர்ந்து உடம்பின் மொத்தத் தசையையும் எந்த நிலையில் வைத்திருக்கின்றன என்பதற்குக் கை ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஆனாலும் கைக்கென்றே தனி வேலைகள் உண்டு. ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிப்பது, மிக்ஸி ஜாரின் மூடியைத் திருகுவது, கேஸ் ரெகுலேட்டரைப் பொருத்துவது, குளியலறையில் கால் வழுக்கும் நொடியில் எட்டியதைப் பற்றிக்கொள்வது. எழுபது வயதில் ஒருவர் அடுத்தவர் துணையின்றி வாழ்வதற்கு இந்தச் சின்ன வேலைகள் கைவசம் இருந்தாக வேண்டும். கையைப் பழக்குவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

பிடி என்றதும் விரல்தான் நினைவுக்கு வரும். விரல்களுக்குள்ளோ அவற்றை மடக்கும் தசை எதுவும் இல்லை. இடது கையால் வலது முன்கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை மடக்கி விரித்தால் தோலுக்கடியில் தசை நெளிவது தெரியும். வலு பிறக்கும் இடம் அதுதான். அங்கிருந்து தசைநாண்கள் கயிறுகளைப் போல மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளில் போய் ஒட்டுகின்றன. மணிக்கட்டின் உட்புறம் ஒரு குறுகலான வழி இருக்கிறது. ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு முஷ்டியை இறுக்கிப் பார்த்தால் பிடி தானாகவே தளர்ந்துவிடும். சற்றே புறங்கைப் பக்கம் சாய்த்தால் முழு வலுவும் திரும்பும். எந்தப் பொருளை வைத்துப் பயிற்சி செய்தாலும் மணிக்கட்டை இப்படி வைத்துக்கொள்வதே முதல் பாடம்.

ஒரு காலத்தில் தமிழ் வீடுகளில் இந்தப் பாடத்தைத் தனியாக யாரும் படிக்கவில்லை. கிணற்றில் தாம்புக்கயிறு பிடித்து நீர் சேந்தினார்கள், குழவியைச் சுழற்றி மாவாட்டினார்கள், அம்மியில் அரைத்தார்கள், கனத்த வேட்டியையும் புடவையையும் முறுக்கிப் பிழிந்தார்கள். மின்மோட்டார் வந்தது, கோயம்புத்தூர் வெட்கிரைண்டர் வந்தது, சலவை இயந்திரம் வந்தது. வலு தேவைப்பட்ட இடங்களிலிருந்து கை விலகியது. இது நம்மூர் மாற்றம் மட்டுமல்ல. அமெரிக்காவில் 20 முதல் 34 வயது வரை உள்ளவர்களை அளந்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. 1985இல் தொகுத்த அளவுகளோடு ஒப்பிட்டபோது, இளம் ஆண்களின் பிடி கணிசமாகக் குறைந்திருந்தது. அதற்காக ஆட்டுக்கல்லுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் ஏங்க வேண்டாம். அந்த உழைப்பில் பெரும்பகுதி பெண்களின் முதுகையும் தோளையும் தின்ற உழைப்பு. விருப்பமோ ஓய்வோ அதில் கிடையாது. அந்த வேலைகளிலிருந்து நமக்கு வேண்டிய அசைவை மட்டும் எடுத்து, அளவோடு செய்வதே அறிவு.

எடுப்பதானால் முதலில் எடுக்க வேண்டியது பிழிவதை. தடித்த குளியல் துண்டு ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, இரு கைகளாலும் பிடித்து, கடைசிச் சொட்டு வரை முறுக்க வேண்டும். விரல்கள் இறுக்கிப் பிடிக்க, ஒரு மணிக்கட்டு முன்னும் மற்றது பின்னும் திரும்புகிறது. முன்கையின் இரு பக்கத் தசைகளும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன. எல்லோருக்கும் பழக்கப்பட்ட ஒரு திசை இருக்கும், அதிலேயே போய்விடக் கூடாது. ஐந்து முறை ஒரு பக்கம் முறுக்கினால் ஐந்து முறை எதிர்ப்பக்கம். துவைக்கும் நாளில் சலவை இயந்திரத்துக்குப் போகாத நாலு துணி கிடைத்தாலே அன்றைய பயிற்சி முடிந்தது.

அடுத்தது வாளி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, ஆகவே 10 லிட்டர் நிரம்பிய வாளி 10 கிலோவுக்குச் சற்று மேல். உடற்பயிற்சிக் கூடத்து இரும்பில் இல்லாத வசதி இதில் உண்டு: ஒரு சொம்பு கூட்டலாம், ஒரு சொம்பு குறைக்கலாம். பாதி வாளியில் தொடங்கி, ஒரு கையில் தூக்கி, பக்கவாட்டில் சாயாமல் நிமிர்ந்து மொட்டைமாடியிலோ முற்றத்திலோ அரை நிமிடம் நடந்தால் விரல் மட்டுமல்ல, தோள், இடுப்பு, கால் எல்லாம் சேர்ந்து உழைக்கும். பிடிவலு முழு உடம்பின் அடையாளம் என்றால், முழு உடம்பையும் இழுத்துக்கொண்டு வரும் இந்த நடைதான் வீட்டுப் பயிற்சிகளில் உயர்ந்தது. கைப்பிடி மெல்லிய கம்பியாக இருந்து உள்ளங்கையை அறுத்தால் அதன்மேல் துணி சுற்றலாம். பிடி தடிமனாக ஆக, வேலையும் கடினமாகும்.

கட்டைவிரலுக்குத் தனிக் கவனம் தேவை. கெட்டி அட்டை போட்ட தடித்த புத்தகத்தைக் கட்டைவிரல் ஒருபுறமும் நான்கு விரல்கள் மறுபுறமுமாகக் கிள்ளியபடி தூக்கிப் பிடித்து நிற்கலாம். பழைய செய்தித்தாளின் ஒரு தாளை மேசையில் விரித்து, ஒரே கையால் ஓரத்திலிருந்து சுருட்டிச் சுருட்டி உருண்டையாக்குவதும் நல்ல பயிற்சி. பார்க்க விளையாட்டாகத் தெரியும், மூன்றாவது தாளில் முன்கை எரியும். மணிக்கட்டுக்குத் துடைப்பத்தின் நீளக் கம்பு போதும். கம்பின் நுனியைப் பிடித்து, மறுமுனையைத் தரையிலிருந்து மணிக்கட்டால் மட்டும் மெல்லத் தூக்கி இறக்க வேண்டும். கர்லாகட்டை சுழற்றுபவர்களின் மணிக்கட்டு உரம் பெறுவதும் இதே கணக்கில்தான். கையிலிருந்து எடை எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு மணிக்கட்டின் மேல் பாரம் கூடும்.

பலரும் மறந்துவிடுவது விரல்களை விரிக்கும் தசைகளை. நாள் முழுக்க மடக்கும் வேலையே நடக்கிறது, கைபேசியைப் பிடிப்பதும் அதில் சேர்த்தி. ஐந்து விரல் நுனிகளையும் குவித்து அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, பூ விரிவதுபோல விரித்து மூட வேண்டும். அமெரிக்க பேஸ்பால் வீரர்களிடம் உள்ள வழி இன்னொன்று: ஒரு வாளி நிறைய அரிசி. சமையலுக்கு எடுக்காத பழைய அரிசியில் மணிக்கட்டு மூழ்கக் கையை நுழைத்து, உள்ளேயே மூடித் திறக்கவும் திருகவும் வேண்டும். எந்தப் பக்கம் அசைந்தாலும் அரிசி எதிர்த்து நிற்கும்.

வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் போதும். தசை சில வாரங்களில் பழகிவிடும், தசைநாண் மெதுவாகத்தான் பழகும். முதல் வார உற்சாகத்தில் அளவு மீறுகிறவர்களுக்குத்தான் முழங்கையின் வெளிப்புறம் வலி வந்து உட்காரும்.

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்ப்பதே சரி. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது மணிக்கட்டு வழியில் நரம்பு நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு பிறகு ‘டக்’கென்று விடுபட்டால் அதை இன்னும் அமுக்கிப் பழக்கக் கூடாது. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு மூட்டுகள் விறைத்து, கைகூப்பும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விழுவதுண்டு. பலர் அதை வயதென்று விட்டுவிடுகிறார்கள். அதைக் கவனிக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இறுக்கவே கூடாது, அந்த நேரத்தில் அழுத்தம் சட்டென ஏறும். அதே சமயம், மிதமாகச் செய்யும் பிடிப்பயிற்சி நாளடைவில் அழுத்தத்தைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க இதய சங்கம் 2013 அறிக்கையில் ஏற்றுக்கொண்டது. அந்த ஆய்வுகளில் பின்பற்றிய வழக்கமான முறை, முழு வலுவில் 30 சதவீதம் மட்டும் கொடுத்து இரண்டு நிமிடம் பிடிப்பது, ஒரு நிமிடம் விடுவது, இப்படி நான்கு முறை, வாரம் மூன்று நாள். மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியது இது, மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

முன்னேற்றத்தைப் பார்க்க டைனமோமீட்டர் வேண்டாம். ஒரே வாளியில் ஒரே அளவுக்குக் கோடு போட்டு வைத்து, ஒவ்வொரு கையும் எத்தனை நொடி தாங்குகிறது என்று வாரம் ஒருமுறை குறித்தால் போதும். பழக்கப்பட்ட கை சற்று அதிகம் தாங்குவது இயல்பு. இடைவெளி பெரிதாக இருந்தால் மற்ற கைக்கு ஒரு சுற்று கூடுதல். ஒரு நிமிடம் எளிதாகத் தாங்கும் நாள் வந்ததும் கோட்டை இரண்டு விரற்கடை மேலே ஏற்றலாம், அல்லது தண்ணீரை அப்படியே விட்டு, கைப்பிடியில் இன்னொரு சுற்றுத் துணி சுற்றலாம்.