காற்றடிக்கும் நாளில் நரியை அழைத்தல்

மனிதன் குரல் கொடுத்தால் காட்டு விலங்கு வருமா என்று நம் இல்லத்துப் பிள்ளைகள் கேட்பதுண்டு. வரும் என்பதே விடை. அமெரிக்க நாட்டில் கொயோட் என்றொரு விலங்கு உண்டு. ஓநாயினும் சிறியது, நம் நாட்டு நரிக்கு நெருங்கிய உறவு. 1823-ஆம் ஆண்டில் தாமஸ் சே என்னும் விலங்கியல் அறிஞர் அதற்கு இட்ட இலத்தீன் பெயருக்குக் ‘குரைக்கும் நாய்’ என்பது பொருள். அடிபட்ட முயல் அலறுவதைப் போலவோ, கொயோட்டே ஊளையிடுவதைப் போலவோ ஒலியெழுப்பி, அதனைத் துப்பாக்கிக்கு எட்டும் தூரத்துக்கு வரவழைப்பது அந்நாட்டு வேட்டைக்காரர் வழக்கம். இதில் புதிதாக இறங்குவோரைத் திகைக்க வைக்கும் கேள்வி ஒன்று உண்டு: காற்று பலமாக வீசும் நாளில் என்ன செய்வது?

இதற்கு விடை தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட மக்கள் நம் தமிழ்நாட்டிலேயே உள்ளனர். அவர்களே நரிக்குறவர்.

கரமனையில் வாழும் நமக்கு இச்சொல்லிலேயே ஒரு சிக்கல் உண்டு. அண்டை வீட்டு மலையாள அன்பரிடம் ‘நரி’ என்றால் அவர் புலியை நினைக்கக்கூடும். மலையாளத்தில் அச்சொல்லுக்கு அப்பொருளும் உண்டு. நாம் நரி என்பதை அவர்கள் குறுக்கன் என்றும் குறுநரி என்றும் கூறுவர். ஈண்டு நாம் பேசுவது அதனையே.

நரிக்குறவர் பல தலைமுறைகளுக்கு முன் வடபுலத்திலிருந்து தெற்கே வந்தவர்கள். அவர்கள் தமிழை நன்கு பேசுவர். வீட்டில் பேசுவதோ வாக்ரிபோலி. அது குஜராத்தி, மராத்தி முதலிய மொழிகளின் இனத்தைச் சேர்ந்தது. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலில், குருவிக்காரர் என்ற பெயரில் இவர்களது நரி வேட்டை குறிக்கப்பட்டுள்ளது. இவ்வேட்டையில் தேர்ந்தவர்கள் மறைவில் அமர்ந்து நரியைப் போலவே ஊளையிடுவர். தன் எல்லைக்குள் அந்நியக் குரல் கேட்டால் நரி சும்மா இராது. மறுகுரல் கொடுக்கும், சில வேளை நேரிலும் வந்து பார்க்கும். வந்தால் அகப்படும்.

நிற்க. காற்று இதில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். புகைவண்டி நிலையத்தில் எழுத்தராய்ப் பணிபுரியும் நமக்கு இது கண்கூடு. காற்று நம் பக்கம் வீசும்போது தொலைவில் வரும் வண்டியின் ஊதல் தெளிவாகக் கேட்கும். காற்று எதிர்ப்புறம் திரும்பினால் அதே ஊதல், அதே தூரத்தில், கேட்கவே கேட்காது. காற்று ஒலியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது என்று பலர் எண்ணுவர். உண்மை வேறு. காற்றின் வேகம் தரையருகே குறைவு. உயரச் செல்லச் செல்ல அதிகம். ஆகையால் காற்றை எதிர்த்துச் செல்லும் ஒலி மேல்நோக்கி வளைந்து, கேட்பவனுடைய தலைக்கு மேலே போய்விடுகிறது. காற்றோடு செல்லும் ஒலி கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் கேட்கிறது. இதனை 1857-லேயே ஸ்டோக்ஸ் என்னும் கணித அறிஞர் விளக்கிவிட்டார்.

ஆகவே, நரியை அழைப்பவன் குரல் காற்று போகும் திசையிலேதான் நன்றாகச் செல்லும். ஆனால் அவனது வியர்வையின் வாடையும் அத்திசையிலேயே செல்கிறது. குரலும் வாடையும் ஒரே வண்டியில் பிரயாணம் செய்கின்றன என்றால் மிகையாகாது. நரி காதால் கேட்டு வரும். ஆனால் மூக்கால் சோதித்துப் பாராமல் நம்பாது. குரல் வந்த இடத்தை நோக்கி நேரே ஓடி வராமல், வளைந்து சுற்றி, காற்று போகும் பக்கத்துக்கு வந்து மோந்து பார்க்கும். மனித வாடை ஒரு சிறிது பட்டாலும் திரும்பிவிடும். கொயோட்டின் குணமும் இதுவே.

புதியவன் தன் தொண்டையைப் பழக்குவதிலேயே நாட்களைச் செலவிடுகிறான். குரல் எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும், அமர்ந்த இடம் பிசகானால் பயனில்லை. தன் காதைக் கொண்டு இடம் தேர்வது தவறு; விலங்கின் மூக்கைக் கொண்டு தேர்வதே முறை. இதுவே இக்கலையின் சாரம்.

இதிலிருந்து பிற விதிகள் தாமே பிறக்கின்றன. முதலாவது, காற்றின் திசையை அறிதல். ஒரு சிட்டிகைச் சாம்பலைத் தூவிப் பார்த்தாலே போதும். இரண்டாவது, விலங்கு இருக்கும் என்று கருதும் இடத்துக்கும் தனக்கும் குறுக்கே காற்று வீசுமாறு அமர்தல். அப்போது குரலும் ஓரளவு எட்டும். வாடையும் நேரே போகாது. மூன்றாவது, காற்று போகும் பக்கம் வெட்டவெளியாய் இருத்தல். சுற்றி வரும் விலங்கு வாடையை உணருமுன் கண்ணுக்குப் புலப்பட வேண்டும் அன்றோ? நான்காவது, காற்று நாளில் குரல் குறைந்த தூரமே எட்டுமாதலால், ஓரிடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளல். ஐந்தாவது, குளக்கரையின் மறைவு, ஓடையின் பள்ளம், பனங்கூட்டத்தின் ஒதுக்கு ஆகியவற்றை நாடுதல். இலைகளின் இரைச்சலில் தன் காது மழுங்குவதை விலங்கும் விரும்பாது. அதுவும் ஒதுக்கிடத்தையே நாடும். சிறு மரங்களே ஆடத் தொடங்கினால் காற்றின் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் அளவை எட்டிவிட்டது என்று கொள்ளலாம். அந்நாளில் புதியவன் வீட்டிலிருப்பதே நலம்.

காற்று என்றால் என்ன என்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. கரமனை வழியே செல்லும் நெடுஞ்சாலையில் நாகர்கோவில் சென்று, அங்கிருந்து திருநெல்வேலிக்குத் திரும்புவோர் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தாக வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்குக் காற்று அக்கணவாயில் புகுந்து வீசும் வேகத்தை, முப்பந்தலில் சுழலும் காற்றாலைகளே எடுத்துக் கூறும். அத்தகைய வெளியில் நின்று ஊளையிடுபவன் குரலைக் கேட்கக் கிழக்கேயுள்ள விலங்குகளே உண்டு. அவன் வாடையை முதலில் அறிபவையும் அவையே.

இவ்வளவும் அறிந்தபின், நாமும் ஒரு கை பார்ப்போமே என்று இளைஞர் எவரேனும் எண்ணினால், அவருக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடை செய்தது. கொல்வது மட்டுமன்று, வலை வைப்பதும், இரை காட்டி ஈர்ப்பதும், அவற்றுக்கு முயல்வதும் சட்டத்தின் கண்ணில் வேட்டையே. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நரி உயர்ந்த பாதுகாப்புக்குரிய முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சேலம் மாவட்டம் வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வங்காநரியைப் பிடித்து ஊருக்குள் ஓடவிடும் பழக்கத்துக்கும் வனத்துறை அபராதம் விதித்துள்ளது. நரிக்கொம்பு என்று எவர் எதனைக் கொண்டுவந்து காட்டினாலும் தாய்மார்கள் வாங்கலாகாது. நரிக்குக் கொம்பு முளைப்பதில்லை. வயலில் எலியைத் தின்றும், செத்ததைத் தின்று ஊரைத் துப்புரவாக்கியும் உதவும் பிராணியை, இல்லாத கொம்புக்காகக் கொல்வது பாவமுமாகும்.

சட்டம் நியாயமானதே. ஆயினும் அதனால் ஒரு சமூகத்தின் தொழில் கையைவிட்டுப் போயிற்று என்பதையும் நாம் மறக்கலாகாது. வேட்டையை விட்ட நரிக்குறவர் ஊசிமணி, பாசிமணி கோத்து விற்றுப் பிழைக்கலாயினர். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரிலேதான். வேட்டைத் தடைக்கும் இதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகள்! அதற்குள், காற்றையும் இருளையும் நரியின் மனத்தையும் அறிந்த முதியோர் எத்தனை பேர் மறைந்தனரோ!

அவ்வறிவு இன்றைக்கும் பயன்படும். கிரேக்கம், ஹங்கேரி முதலிய நாடுகளில் அறிஞர்கள் இரவில் நரியின் ஊளையை ஒலிபரப்பி, எத்தனை திசைகளிலிருந்து மறுகுரல் வருகிறது என்று கேட்டு நரிக் கூட்டங்களைக் கணக்கிடுகின்றனர். அவர்களும் காற்றில்லாத இரவையே தேர்கின்றனர். நம் நாட்டில் வனத்துறையார் இத்தகைய கணக்கெடுப்பை மேற்கொள்ளும்போது, நரிக்குறவர் பெரியோரைக் கூலிக்கு அன்றி ஆசானாக அழைப்பார்களாயின் எவ்வளவு நன்றாயிருக்கும்! கொல்வதற்குப் பழகிய குரல் காப்பதற்கு உதவும். அக்குரலுக்கு உரியவர்க்கும் கௌரவமான ஊதியம் கிட்டும்.

பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து, வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியும் பேசி வாழும் நாம், அதே நிலையில் உள்ள இன்னொரு மக்களை ஏளனமாக நோக்குவது தகாது. புகைவண்டி நிலைய மேடையில் மணிமாலை விற்கும் நரிக்குறவப் பெரியவரைக் கண்டால், பிள்ளைகளை அப்பால் இழுத்துச் செல்லாமல், “ஐயா, காற்றடிக்கும் நாளில் நரியை எப்படி அழைப்பீர்கள்?” என்று ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள். நாம் இங்கு எழுதியதைவிட அதிகம் அவர் சொல்லக்கூடும்.