எடுபிடி புரோகிராம்

பழந்தமிழ் நூல்களை எழுத்தாக்க உதவியது பிரம்மாண்ட சாஃப்ட்வேர் அல்ல. பிறரை வேலை வாங்கத் தெரிந்த ஒரு சின்னப் புரோகிராம்.

தமிழ்நாட்டு எல்லைக்கு அருகிலுள்ள ஆந்திர நகரம் பலமனேர். நாட்டுடைமையாக்கப்பட்ட பழைய நூலொன்றில் ஒரு வரியைத் தேட வேண்டுமானால் அங்குள்ள தமிழ் வாசகர் முன்பெல்லாம் நூலகம் நூலகமாக அலைய வேண்டும். இன்று இணையத்தில் விக்கிமூலத்தைத் திறந்தால் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகம் ஸ்கேன் செய்து வழங்கிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அதில் இருக்கின்றன.

ஆனால் ஸ்கேன் என்பது வெறும் படம். அதில் சொல்லைத் தேட முடியாது. 2015-ல் கூகுள் டிரைவ் தமிழ்ப் பக்கங்களையும் படித்து எழுத்தாக்கத் தொடங்கியது. பக்கம் பக்கமாக யார் ஏற்றி இறக்குவது? அந்த ஆண்டே விடை தந்தவர் கணியம் மின்னிதழின் த. சீனிவாசன். பைத்தான் மொழியில் அவர் எழுதிய புரோகிராம் எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. லினக்ஸில் ஏற்கனவே இருக்கும் கருவிகளை ஷெல் கட்டளைகள் மூலம் ஏவுகிறது. ஒன்று நூலை இறக்குகிறது, இன்னொன்று பக்கங்களைப் பிரிக்கிறது, மற்றொன்று கூகுளுக்கு அனுப்புகிறது. கல்யாண வீட்டில் மேற்பார்வை பார்க்கும் பெரியவரைப் போல: அவர் கரண்டி பிடிப்பதில்லை, ஆனால் பந்தி நடக்கிறது.

இந்த உத்திக்குப் பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை. 2012-ல் பிரிட்டனில் 35 டாலருக்கு அறிமுகமான, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பையிலும் லினக்ஸ் உண்டு, பைத்தானும் உண்டு. பொழுதுபோக்காகக் கற்பவர்கள் இதில்தான் முதல் ஷெல் கட்டளையை ஏவிப் பார்க்கிறார்கள். முதல் அடியும் வாங்குகிறார்கள்.

காரணம், ஷெல் எழுத்துக்கு எழுத்து கீழ்ப்படியும் வேலைக்காரன். ‘ஓஎஸ்.சிஸ்டம்’ என்ற எளிய வழியில் கட்டளை முழுவதும் ஒரே வரியாக அதன் கைக்குப் போகிறது. கோப்பின் பெயரில் இடைவெளி இருந்தால் இரண்டு கோப்புகள் என்று நினைத்துக்கொள்ளும். அரைப்புள்ளியைக் கண்டால் அடுத்த கட்டளை தொடங்கிவிட்டது என்று கொள்ளும். யாரோ விஷமத்துக்காகப் பெயரில் அரைப்புள்ளி வைத்து, பின்னால் அழிக்கும் கட்டளையைச் சேர்த்திருந்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். 2004-ல் பைத்தானில் சேர்ந்த ‘சப்பிராசஸ்’ இதற்கு மாற்று. கட்டளையையும் பெயரையும் தனித்தனியாகப் பட்டியலிட்டுக் கொடுத்தால் ஷெல் குறுக்கே வராது. பெயர் பெயராகவே போய்ச் சேரும்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாதது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு கட்டளையும் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. பள்ளிக்கூடத்துக்கு நேரெதிராக, இங்கே 0 வாங்கினால்தான் பாஸ். அதைப் பார்க்காமல் புரோகிராம் அடுத்த வேலைக்குத் தாவினால், இணைப்பு அறுந்த நொடியில் நூலின் ஒரு பக்கம் காணாமல் போகும். யாருக்கும் தெரியவும் தெரியாது.

அந்த 0 கூட வேலை முடிந்ததைத்தான் சொல்லும். சரியாக முடிந்ததைச் சொல்லாது. பழைய அச்சில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரிய, எந்திரம் தடுமாறும். அதைத் திருத்தத் தமிழ் அறிந்த கண் வேண்டும். விக்கிமூலத்தில் யார் வேண்டுமானாலும் மெய்ப்புத் திருத்தலாம், பலமனேரில் இருந்தபடியேகூட.