மீளழைப்பு இடைமுகம்

மீளழைப்பு இடைமுகம் என்பது, ஒரு வேலை முடிந்த பின்னர் எந்தச் செயற்கூற்றை இயக்க வேண்டும் என்பதை நிரலாளர் முன்கூட்டியே ஒப்படைத்து வைப்பதற்கான நிரலாக்க ஏற்பாடு ஆகும். இவ்வாறு ஒப்படைக்கப்படும் செயற்கூறு மீளழைப்பு எனப்படுகிறது. நிரலாளர் வழக்கில் இது கால்பேக் என்றே பெரிதும் அறியப்படுகிறது. ஒத்திசைவற்ற வலையமைப்பு நிரலாக்கத்தில், அதாவது தரவு வரும்வரை காத்து நிற்காமல் பிற வேலைகளைத் தொடரும் முறையில், இது அடிப்படையான கருவியாகும்.

தையற்கடையில் துணியைக் கொடுத்தவர், சட்டை தைத்து முடியும்வரை அங்கேயே அமர்ந்திருப்பதில்லை. தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கச் செல்கிறார். சட்டை தயாரானதும் கடைக்காரர் அழைக்கிறார். மீளழைப்பின் கருத்தும் இதுவே.

தேவை

வலையமைப்பின் வேகத்துக்கும் செயலியின் வேகத்துக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. தொலைவிலுள்ள வழங்கியிடமிருந்து பதில் வர 50 மில்லிநொடி ஆகிறது எனக் கொள்வோம். நொடிக்கு 100 கோடி கட்டளைகளை இயக்கும் செயலி, அந்த நேரத்தில் 5 கோடி கட்டளைகளை இயக்கியிருக்கும். தரவு வரும்வரை நிரல் முடங்கிக் கிடந்தால் இந்த ஆற்றல் அந்நிரலுக்குப் பயன்படாமல் போகிறது.

ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி இழையை ஒதுக்குவது இதற்கான எளிய தீர்வு. ஆனால் ஒவ்வோர் இழைக்கும் தனி அடுக்கு நினைவகம் தேவை. லினக்சில் இதன் வழக்கமான வரம்பு 8 மெகாபைட்டு. 32-பிட்டுக் கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைக்கும் முகவரி வெளி ஏறத்தாழ 3 கிகாபைட்டு என்பதால், இவ்வளவில் 384 இழைகளுக்கு மேல் இடமில்லை. அடுக்கின் அளவைக் குறைத்தாலும் இழைகளுக்கிடையே மாறி மாறிச் செல்லும் செலவு நீங்குவதில்லை. ஒரே வழங்கி ஒரே வேளையில் 10,000 வாங்கிகளுக்குச் சேவை அளிப்பது எப்படி என்ற இச்சிக்கலை 1999 இல் டான் கெகல் "சி10கே" என்ற பெயரில் விவரித்தார். ஒரே இழையில் பல இணைப்புகளைக் கையாளும் முறை இதற்கான முதன்மைத் தீர்வுகளுள் ஒன்றாக அமைந்தது.

இயங்கும் முறை

இம்முறையின் நடுவில் நிகழ்வு வளையம் என்னும் முடிவிலாச் சுழற்சி உள்ளது. அது பின்வரும் படிகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறது:

1. எந்த இணைப்புகளில் நிகழ்வு ஏற்பட்டுள்ளது என்று இயக்குதளத்தின் கருனியிடம் கேட்கிறது.
2. நிகழ்வு ஏதுமில்லையெனில், ஒன்று ஏற்படும்வரை உறங்குகிறது.
3. நிகழ்வு ஏற்பட்ட ஒவ்வோர் இணைப்புக்கும் பதியப்பட்டுள்ள மீளழைப்பை ஒவ்வொன்றாக இயக்குகிறது.
4. மீண்டும் முதற்படிக்குச் செல்கிறது.

கீழுள்ள மாதிரி நிரல் இதன் விளைவைக் காட்டுகிறது:

படி(இணைப்பு, வந்ததும்)
அச்சிடு("காத்திருக்கவில்லை")

வந்ததும்(பிழை, தரவு):
    அச்சிடு("தரவு வந்தது")

இங்கு "காத்திருக்கவில்லை" என்பதே முதலில் அச்சாகும். 'படி' என்னும் கட்டளை தரவைப் பெறுவதில்லை. வேண்டுகோளைப் பதிந்துவிட்டு உடனே திரும்புகிறது. தரவு பின்னொரு சுழற்சியில் வந்து சேர்கிறது.

இருவகை அறிவிப்புகள்

இயக்குதளங்கள் நிகழ்வுகளை இரு வகையாக அறிவிக்கின்றன.

ஆயத்த அறிவிப்பு: இப்போது படித்தால் தடையின்றிப் படிக்கலாம் என்று கருனி தெரிவிக்கிறது, படிப்பது நிரலின் பொறுப்பு. 1983 இல் 4.2பிஎஸ்டி இயக்குதளத்தில் வந்த செலக்ட் அழைப்பு இவ்வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் எல்லா இணைப்புகளின் பட்டியலையும் கருனியிடம் கொடுக்க வேண்டியிருப்பதும், பல கணினிகளில் அப்பட்டியல் 1024 இணைப்புகளுடன் நின்றுவிடுவதும் அதன் குறைகள். இணைப்பை ஒருமுறை பதிந்துவிட்டால் நிகழ்வு ஏற்பட்டவற்றை மட்டும் தெரிவிக்கும் கேகியூ 2000 இல் ஃப்ரீபிஎஸ்டியில் வந்தது. லினக்சின் ஈபோல் 2002 இல் அதன் வளர்நிலைக் கருனியில் சேர்க்கப்பட்டது. இவ்வகையைப் பயன்படுத்தும் வடிவமைப்பு ரியாக்டர் எனப்படும்.

நிறைவு அறிவிப்பு: நிரல் தரவு இடையகத்தைக் கருனியிடம் ஒப்படைக்கிறது, கருனியே படித்து முடித்துவிட்டுத் தெரிவிக்கிறது. 1994 இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.5 இன் நிறைவு வாயில்களும், 2019 இல் லினக்ஸ் 5.1 இல் வந்த ஐஓ-யூரிங்கும் இவ்வகையின. இவ்வடிவமைப்பு புரோஆக்டர் எனப்படும்.

மொழிகளில் இடைமுக வடிவங்கள்

சி மொழியில் மீளழைப்பு, செயற்கூற்றுச் சுட்டியாக அளிக்கப்படுகிறது. எந்த இணைப்பைப் பற்றிய அழைப்பு என்பதை அறிய, நிரலாளரின் தரவைச் சுட்டும் மற்றொரு சுட்டியும் உடன் தரப்படுவது வழக்கம்.

ஜாவாவில் 2011 இல் வந்த ஏழாம் பதிப்பு, நிறைவு, தோல்வி ஆகிய இரண்டுக்கும் தனித்தனிச் செயற்கூறுகள் கொண்ட இடைமுகத்தை வழங்கியது. இரண்டையும் எழுதினாலன்றி நிரல் தொகுக்கப்படாது என்பதால், தோல்வியை மறந்துவிடுவது கடினமாகிறது.

பைத்தானுக்கான டுவிஸ்டட் நிரலகத்தில், இணைப்பு ஏற்படுதல், தரவு வருதல், இணைப்பு அறுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு செயற்கூறு கொண்ட வகுப்பை நிரலாளர் எழுதுகிறார். 2009 இல் வெளிவந்த நோட்.ஜேஎஸ், மீளழைப்பின் முதல் உள்ளீடாகப் பிழையையே அனுப்பும் மரபைப் பின்பற்றியது.

இவ்விடைமுகங்களில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. டிசிபி நெறிமுறை பைட்டுகளின் ஓடையே அன்றிச் செய்திகளின் வரிசை அன்று. அனுப்பியவர் ஒரே முறையில் அனுப்பிய செய்தி, பெறுபவரிடம் இரண்டு மீளழைப்புகளாகப் பிரிந்து வரலாம்; இரு செய்திகள் ஒன்றாகவும் வரலாம். எனவே வந்த தரவைச் சேர்த்து வைத்து, செய்தி முழுமையடைந்ததா எனச் சோதிப்பது மீளழைப்பின் கடமையாகும். இதைச் செய்யாத நிரல், ஒரே கணினிக்குள் நடத்தும் சோதனையில் சரியாக இயங்கி, உண்மையான வலையமைப்பில் தவறக்கூடும்.

கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்

* மீளழைப்பு நீண்ட நேரம் இயங்கலாகாது. ஒரே இழையில் எல்லா இணைப்புகளும் உள்ளதால், ஒரு மீளழைப்பு 2 நொடிகள் எடுத்துக்கொண்டால் மற்ற எல்லா வாங்கிகளும் 2 நொடிகள் காத்திருக்க நேரிடும். பெரிய கணக்கீடுகளைத் தனி இழைக்கு மாற்றுவது நலம்.
* ஒரு வேண்டுகோளுக்கு நிறைவு அல்லது தோல்வி ஒருமுறை மட்டுமே அறிவிக்கப்பட வேண்டும். இருமுறை அறிவித்தால், ஒரே கட்டணம் இருமுறை பதிவாவது போன்ற விளைவுகள் ஏற்படலாம்.
* மீளழைப்பு சில வேளை உடனடியாகவும் சில வேளை பின்னரும் அழைக்கப்படலாகாது. விடை முன்பே கையில் இருந்தாலும் அடுத்த சுழற்சியில் அழைப்பதே முறை. இல்லையேல் நிரலின் வரிசை ஒவ்வொரு முறையும் மாறும்.
* நிறைவு அறிவிப்பு முறையில், வேலை முடியும்வரை இடையகத்தை விடுவிக்கவோ மாற்றவோ கூடாது.

குறைகள்

ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய பல வேலைகளை எழுதும்போது, மீளழைப்புக்குள் மீளழைப்பாக நிரல் உள்ளே உள்ளே செல்கிறது. இந்நிலை "மீளழைப்பு நரகம்" என்று வேடிக்கையாகக் குறிப்பிடப்படுகிறது.

படிப்பதற்குக் கடினம் என்பதைவிடப் பெரிய குறை பிழை கையாளலில் உள்ளது. மீளழைப்பு இயங்கும்போது, வேண்டுகோளைத் தொடங்கிய செயற்கூறு முன்பே முடிந்திருக்கும். ஆகவே மீளழைப்பில் எழும் விதிவிலக்கு தொடங்கியவரைச் சென்றடையாமல் நிகழ்வு வளையத்தையே அடைகிறது. அதை யாரும் பிடிக்காவிடில் நோட்.ஜேஎஸ் போன்ற சூழல்களில் நிரல் முழுவதும் நின்றுவிடும். ஒரு வாங்கியால் எழுந்த பிழை, இணைந்திருக்கும் அனைவரின் இணைப்பையும் அறுத்துவிடும்.

பிந்தைய வளர்ச்சி

பின்னர் கிடைக்கப்போகும் விடையை ஒரு பொருளாகவே கையாளும் "வாக்குறுதி" என்னும் கருத்தை 1976 இல் டேனியல் ஃபிரீட்மனும் டேவிட் வைசும் முன்வைத்தனர். ஜாவாஸ்கிரிப்ட்டின் சீர்தரத்தில் இது 2015 இல் சேர்ந்தது. தொடர்வரிசையாக எழுதி, காத்திருக்கும் இடத்தை மட்டும் குறிக்கும் எழுத்துமுறை சி ஷார்ப் 5.0 இல் 2012 இலும், பைத்தான் 3.5 இல் 2015 இலும், ஜாவாஸ்கிரிப்ட்டின் சீர்தரத்தில் 2017 இலும் வந்தது. 2023 இல் வெளியான ஜாவா 21, எடை குறைந்த மெய்நிகர் இழைகளை வழங்கி, இணைப்புக்கு ஓர் இழை என்ற பழைய எளிய முறையை மீண்டும் நடைமுறைக்கு ஏற்றதாக்கியது.

இவ்வசதிகளின் அடித்தளத்திலும், நிகழ்வை அறிந்து உரிய பணியை மீண்டும் தொடங்கிவைக்கும் ஏற்பாடு மறைந்து இயங்குகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* நிகழ்வு வளையம்
* இழை (கணினியியல்)
* வழங்கி
* டிசிபி