புவிசார் குறியீடும் மரபுத்தொழில்களும்: பதிவுக்குப் பிந்தைய பாதுகாப்பு

ஆய்வுச்சுருக்கம்

ஒரு பொருளின் பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தவுடன் அப்பொருளை உருவாக்குவோர் அனைவரும் பாதுகாப்புப் பெற்றுவிட்டனர் என்னும் கருத்துப் பரவலாக நிலவுகிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் அமைப்பு இக்கருத்தை முழுமையாக ஆதரிக்கவில்லை. பெயரைப் பயன்படுத்தும் தனியுரிமை பதிவேட்டில் தனித்தனியே இடம்பெறும் பயனாளர்களுக்கே உரியது. உரிமை மீறலைக் கண்டறிந்து வழக்குத் தொடர வேண்டிய பொறுப்பும் பெரும்பாலும் உரிமையுடையோரையே சார்ந்தது. தமிழகத்தின் பதிவுபெற்ற பொருள்களையும் டார்ஜிலிங் தேயிலை, ஸ்காட்ச் விஸ்கி தொடர்பான வழக்குகளையும் முன்வைத்து, பதிவுக்குப் பின் செய்ய வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: புவிசார் குறியீடு, அறிவுசார் சொத்துரிமை, அங்கீகரிக்கப்பட்ட பயனாளர், வணிகக் குறி, கைத்தறி, மரபுத்தொழில்.

முன்னுரை

காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமுக்காளம், மதுரை சுங்குடி, சுவாமிமலை உலோகப் படிமம், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர், திண்டுக்கல் பூட்டு, கோவில்பட்டி கடலைமிட்டாய் எனப் புவிசார் குறியீடு பெற்ற தமிழகப் பொருள்களின் பட்டியல் நீளமானது. ஒவ்வொரு பதிவின்போதும் நாளிதழ்கள் அதனை ஊருக்குக் கிடைத்த பெருமையாக எழுதுகின்றன. பெருமை உண்மையே. ஆயினும் சட்ட நோக்கில் புவிசார் குறியீடு விருது அன்று. அது ஒரு சொத்துரிமை. எந்தச் சொத்தும் உரியவரால் பேணப்படாதபோது பயன் தருவதில்லை. இவ்வுரிமை யாரிடம் உள்ளது, எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை, எவ்வாறு நழுவிப் போகிறது என்னும் வினாக்களுக்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவுசார் சொத்துரிமைகளுள் புவிசார் குறியீட்டின் இடம்

காப்புரிமை புதிய கண்டுபிடிப்புக்கும், பதிப்புரிமை படைப்புக்கும், வடிவமைப்பு உரிமை புதிய தோற்றத்திற்கும், வணிகக் குறி ஒரு நிறுவனத்தின் அடையாளத்திற்கும் வழங்கப்படுகின்றன. முதல் மூன்றும் கால வரம்புக்கு உட்பட்டவை. காப்புரிமையும் வடிவமைப்பு உரிமையும் புதுமையை நிபந்தனையாகக் கொண்டவை. தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பொருளுக்குப் புதுமையை மெய்ப்பிக்க இயலாது. எனவே மரபுத்தொழில்களுக்கு இவ்விரண்டும் பெரிதும் உதவுவதில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவது புவிசார் குறியீடு. ஒரு பொருளின் தரம், நற்பெயர் அல்லது வேறு சிறப்பியல்பு அது தோன்றிய நிலப்பகுதியோடு இன்றியமையாத தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்பதே இதன் அடிப்படை. உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்பாட்டின் 22ஆம் பிரிவு இவ்வரையறையை வழங்குகிறது. ஒரு நாட்டில் தோன்றிய குறியீடு அந்நாட்டிலேயே பாதுகாக்கப்படாவிடில், பிற நாடுகள் அதனைப் பாதுகாக்க வேண்டிய கட்டாயமில்லை என்று அதே உடன்பாட்டின் 24ஆம் பிரிவு கூறுகிறது. 1997இல் பாசுமதி வகை அரிசி தொடர்பாக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரைஸ்டெக் நிறுவனம் காப்புரிமை பெற்றபோது, இந்தியாவிடம் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. 1999இல் இயற்றப்பட்ட சட்டம் 2003 செப்டம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னையில் இயங்குகிறது. முதலாவதாகப் பதிவுபெற்றது டார்ஜிலிங் தேயிலை.

உரிமையாளரும் பயனாளரும்

தனிமனிதர் ஒருவர் தம் பெயரில் புவிசார் குறியீட்டைப் பெற இயலாது. உற்பத்தியாளர்களின் நலனைப் பிரதிநிதித்துவம் செய்யும் சங்கம், அமைப்பு அல்லது சட்டத்தால் நிறுவப்பட்ட அதிகார அமைப்பே விண்ணப்பிக்கலாம். கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு உற்பத்தியாளர் சங்கமும், திருபுவனம் பட்டுக்கு நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும், பழனி பஞ்சாமிர்தத்திற்குக் கோயில் நிருவாகமும் விண்ணப்பித்தன. இவ்வாறு பதிவு செய்யும் அமைப்பு 'பதிவுபெற்ற உரிமையாளர்' எனப்படும்.

இதற்கு அடுத்த படிநிலையே பலராலும் கவனிக்கப்படாதது. உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் 17ஆம் பிரிவின்படி 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' எனத் தம்மைப் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். 21ஆம் பிரிவின்படி, உரிமை மீறலுக்குத் தீர்வு கோரும் உரிமை உரிமையாளருக்கும் பயனாளருக்கும் உண்டு. ஆனால் குறியீட்டைப் பொருளின்மீது பயன்படுத்தும் தனியுரிமை அங்கீகரிக்கப்பட்ட பயனாளருக்கே வழங்கப்பட்டுள்ளது. அதாவது, ஊரின் பெயர் பதிவாகியிருந்தும் நெசவாளரின் பெயர் பதிவேட்டில் இல்லையெனில், தறியில் அமர்ந்திருப்பவர் அச்சட்டத்தின் முழுப் பயனைப் பெறும் நிலையில் இல்லை.

2020ஆம் ஆண்டின் விதித்திருத்தம் பயனாளர் பதிவுக்கான கட்டணத்தை 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்தது. எனவே கட்டணம் இன்று பெருந்தடையன்று. தகவல் இன்மையும், விண்ணப்பத்தை நிரப்பி உரிய சான்றுகளை இணைப்பதில் உள்ள இடர்ப்பாடுமே எஞ்சிய தடைகள். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இவ்வுரிமையை விற்கவோ, உரிமம் அளிக்கவோ, அடகு வைக்கவோ 24ஆம் பிரிவு தடை விதிக்கிறது. பெருநிறுவனம் ஒன்று விலை கொடுத்து ஊரின் பெயரைக் கைப்பற்ற முடியாது என்பது இதன் நற்பயன். வணிகக் குறியைப்போல இதனை ஈடாக வைத்துக் கடன் பெற இயலாது என்பது இதன் மறுபக்கம்.

பெயருக்கான காப்பும் அதன் எல்லையும்

புவிசார் குறியீடு காப்பது பெயரை, செய்முறையை அன்று. கோர்வை முறையில் உடலையும் கரையையும் இணைத்து நெய்யப்படும் காஞ்சிபுரம் சேலையின் தோற்றத்தை வேறோர் ஊரின் விசைத்தறி போலியாக உருவாக்கலாம். அதனைக் 'காஞ்சிபுரம் பட்டு' என்று கூறி விற்றால் அது 22ஆம் பிரிவின்படி உரிமை மீறலாகும். அப்பெயரைக் கூறாமல் 'மணப்பட்டு' என்றோ 'கோயில்கரைப் பட்டு' என்றோ விற்றால் இச்சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுப்பது கடினம். குறிப்பிட்ட வரையறைக்கு உட்பட்ட சேலைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமே அங்குத் துணைக்கு வர வேண்டும். இவ்விரு சட்டங்களின் பணிகளைக் குழப்பிக்கொள்வதால், பொருந்தாத சட்டத்தின்கீழ் முறையிட்டு ஏமாற்றமடையும் நிலை ஏற்படலாம்.

திண்டுக்கல் பூட்டு மற்றொரு எடுத்துக்காட்டு. கையால் செய்யப்படும் இப்பூட்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அலிகாரிலிருந்து வரும் விலை குறைந்த பூட்டுகள் 'அலிகார் பூட்டு' என்ற பெயரிலேயே விற்கப்படும்வரை அவற்றைத் தடுக்க இவ்வுரிமையால் இயலாது. புவிசார் குறியீடு போலிப் பெயரைத் தடுக்கிறது, போட்டியைத் தடுப்பதில்லை. வாங்குவோர் அப்பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்க முன்வந்தால்தான் அது தொழிலைக் காக்கும்.

உரிமை நழுவும் விதம்: இரு வழக்குகள்

ஸ்காட்ச் விஸ்கி சங்கத்துக்கும் கோடே நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கு காலத்தாழ்வின் விளைவை உணர்த்துகிறது. இந்தியாவில் 1968 முதல் தயாரிக்கப்பட்ட ஒரு விஸ்கிக்குப் 'பீட்டர் ஸ்காட்' என்னும் பெயர் வணிகக் குறியாகப் பதிவாகியிருந்தது. ஸ்காட்லாந்தின் நற்பெயரை இப்பெயர் பயன்படுத்திக்கொள்கிறது என்பது சங்கத்தின் வாதம். ஆயினும் இக்குறியைப் பற்றி 1974இலேயே அறிந்திருந்தும், அதனை நீக்கக் கோரும் மனுவைச் சங்கம் 1986இல்தான் அளித்தது. 2008 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கோடே நிறுவனத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீண்டகால மௌனம் தீர்ப்பில் முதன்மையான காரணங்களுள் ஒன்றாக அமைந்தது. இது பழைய வணிகக் குறிச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கு எனினும், அதன் பாடம் புவிசார் குறியீட்டுக்கும் பொருந்தும். வசதிமிக்க பன்னாட்டுச் சங்கமே தாமதத்தால் தோற்றது எனில், சிறுதொழில் சங்கங்களுக்கு விழிப்பு எத்துணை இன்றியமையாதது என்பது தெளிவு.

இரண்டாவது வழக்கு உரிமையின் எல்லையைக் காட்டுகிறது. கொல்கத்தாவில் உள்ள நட்சத்திர விடுதி ஒன்றின் ஓய்வுக்கூடத்துக்கு 'டார்ஜிலிங்' என்னும் சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டதை எதிர்த்து, தேயிலை வாரியம் ஐ.டி.சி. நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2011இல் இடைக்காலத் தடையை மறுத்து, 2019இல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வாரியத்தின் உரிமை தேயிலை என்னும் பொருளைப் பற்றியது. ஓய்வுக்கூடம் ஒரு சேவை. சட்டத்தின் பெயரிலேயே 'பொருள்கள்' என்னும் சொல் உள்ளமையால், ஊர்ப்பெயரின் எல்லாப் பயன்பாட்டையும் இவ்வுரிமை கட்டுப்படுத்தாது.

டார்ஜிலிங் பட்டறிவு

இந்தத் தோல்விக்கு அப்பாலும் தேயிலை வாரியத்தின் பணி பின்பற்றத்தக்கது. இச்சட்டம் வருவதற்கு முன்பே டார்ஜிலிங் பெயரையும் இலச்சினையையும் சான்றளிப்புக் குறியாக வாரியம் பதிவு செய்திருந்தது. தோட்டம் முதல் ஏற்றுமதி வரை தேயிலையின் மூலத்தைச் சரிபார்க்கும் சான்றிதழ் முறை உருவாக்கப்பட்டது. வெளிநாடுகளில் இப்பெயரைப் பிறர் பதிவு செய்ய முயல்கின்றனரா என்பதைக் கண்காணிக்கத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இப்பெயர் பாதுகாக்கப்பட்ட குறியீடாகப் பதிவானது. இங்கு ஒரே பெயர் பல சட்டக் கருவிகளால் சூழப்பட்டுள்ளது. அக்கருவிகளை இயக்க நிலையான நிதியும் பணியாளர்களும் உள்ள ஓர் அமைப்பும் இருக்கிறது. பல மரபுத்தொழில் சங்கங்களுக்கு இல்லாதது இந்த இரண்டாவது கூறே.

தமிழகத் தொழில்களுக்கான நடைமுறைகள்

மேற்கண்டவற்றிலிருந்து நான்கு நடைமுறைகளை வகுக்கலாம். முதலாவது, உற்பத்தியாளர் அனைவரையும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்களாகச் சேர்த்தல். சங்கமோ கூட்டுறவு அமைப்போ விண்ணப்பங்களைத் திரட்டி அளித்தால் தனிமனிதரின் சுமை குறையும்.

இரண்டாவது, தரத்தை உள்ளிருந்து காத்தல். விண்ணப்பத்தில் கூறப்பட்ட மூலப்பொருளும் செய்முறையும் மாறினால், பொருளுக்கும் நிலத்துக்கும் உள்ள தொடர்பு அறுபடும். போலியைச் செய்பவர் வெளியூரார் மட்டுமல்லர். உள்ளூரிலேயே தரம் குறைப்பவரும் அப்பெயரைச் சிதைக்கிறார். எனவே ஆய்வுக்குழு பெயரளவில் நில்லாது செயல்பட வேண்டும்.

மூன்றாவது, பல உரிமைகளை இணைத்தல். ஊரின் பெயருக்குப் புவிசார் குறியீடும், சங்கத்தின் இலச்சினைக்குக் கூட்டு வணிகக் குறியும், தனிக் கடையின் பெயருக்கு வணிகக் குறியும் ஒருங்கே இருக்கலாம். பட்டுக்கான சில்க் மார்க், கைத்தறிக்கான முத்திரை ஆகியன மூலப்பொருளையும் தறியையும் உறுதி செய்கின்றன. புவிசார் குறியீடு ஊரை உறுதி செய்கிறது. மூன்றும் ஒரே சேலையில் இருப்பின் வாங்குவோரின் ஐயம் குறையும்.

நான்காவது, கண்காணித்துக் காலத்தில் செயல்படுதல். இணைய விற்பனைத் தளங்களில் ஊர்ப்பெயர் எவ்வாறு பயன்படுகிறது என்பதைத் தொடர்ந்து பதிவு செய்து, முதலில் அறிவிப்பும் தேவைப்படின் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கும் தொடரலாம். பொய்யாகக் குறியீட்டைப் பயன்படுத்துவோருக்கு 39ஆம் பிரிவு ஆறு மாதங்கள் முதல் மூன்று ஆண்டுகள் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. காவல் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அலுவலர், பதிவாளரின் கருத்தைப் பெற்றுப் பிடியாணையின்றிச் சோதனையிடவும் சட்டம் இடமளிக்கிறது. இவ்வழியைச் சங்கங்கள் அறிந்திருத்தல் நலம்.

முடிவுரை

புவிசார் குறியீட்டுச் சட்டம் மரபுத்தொழிலுக்கு வேலியைத் தந்துள்ளது. வேலியைக் காவல் காப்பதைச் சட்டம் தன் பொறுப்பாகக் கொள்ளவில்லை. பதிவு என்பது உரிமையின் தோற்றம். பயனாளர் சேர்க்கை, தரக்கட்டுப்பாடு, கண்காணிப்பு, உரிய காலத்தில் நடவடிக்கை ஆகிய நான்குமே அதன் வாழ்வு. பதிவுகளின் எண்ணிக்கையைக் கொண்டு பாதுகாப்பை அளவிடுவதை விடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் பதிவேட்டில் எத்தனை பயனாளர்கள் உள்ளனர், அவர்களுள் எத்தனை பேர் உண்மையான கைவினைஞர்கள், குறியீட்டால் அவர்களது கூலி உயர்ந்துள்ளதா என்பவற்றைக் களஆய்வின் வழி அறிதல் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும். ஊரின் பெயரை உருவாக்கியது தறியும் உலைக்களமும் ஆதலின், அப்பெயரால் விளையும் பயனும் அங்கேயே முதலில் சென்று சேர வேண்டும்.